தஞ்சைக்கு ஏது மலை?



சுவாமிமலைக்குப் போயிருக்கிறீர்களா? கும்பகோணத்திற்கு அருகே, நெல் வயல்கள் சூழ்ந்த ஊர் அது. அங்குள்ள முருகன் கோயிலில் அறுபது படிகள் ஏறித்தான் சந்நிதிக்குச் செல்ல வேண்டும். தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயர்களையும் அந்தப் படிகளுக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அது இயற்கையாக எழுந்த மலை அன்று; மனிதர்கள் கட்டியது. அதனால்தான் அதைக் கட்டுமலை என்கிறோம். முருகனுக்கு மலை வேண்டும். ஊரிலோ மலை இல்லை. அதற்காக நம் முன்னோர் முருகனை வேறு ஊருக்கு அனுப்பிவிடவில்லை. மலையை இங்கேயே கட்டிக்கொண்டார்கள்!

இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்கிறீர்களா? சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்த மாணவர்கள் நால்வர் மாவட்ட ஓட்டப் போட்டிக்குத் தயாரானார்கள். மலைக்காட்டில் ஓடிப் பழகினால் வெற்றி நிச்சயம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போட்டிக்கு முந்தின வாரம் மலைக்குப் புறப்பட்டுப் போனார்கள். காலையும் மாலையும் காட்டுப் பாதையில் ஏறி இறங்கி ஓடினார்கள். ஊர் திரும்பியபோது அவர்களால் படி இறங்க முடியவில்லை; உட்கார்ந்தால் எழ முடியவில்லை. நால்வரில் ஒருவர்கூட இறுதிச் சுற்றுக்கு வரவில்லை.

அவர்களில் ஒருவன் என்னிடம் சொன்னான்: “நாங்க வயக்காட்டுப் பசங்க சார். மலையில பொறந்தவங்களோட எங்களால போட்டி போட முடியாது.”

இந்தச் சொல்தான் என்னை எழுதத் தூண்டியது. மலைப் பயிற்சி நல்லதுதான். ஆனால் மலை நம் உடலுக்கு என்ன தருகிறது என்று தெரிந்துகொண்டால், அதில் பெரும் பகுதியைக் காவிரிக் கரையிலேயே பெறலாம் என்பது என் கருத்து. ஒரே வாரத்தில் மட்டும் அதை எங்கேயும் பெற முடியாது!

ஏற்றம் செய்யும் வேலை

தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாகப்பட்டினக் கடற்கரையோ எண்பது கிலோமீட்டருக்கும் அப்பால். அதாவது நம் நிலம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவதில்லை. நெல்லுக்கு இது வரம். ஓடுகிறவனுக்கோ இது ஒரு குறை, ஏனென்றால் சமதளத்தில் ஓடும்போது புவியீர்ப்பை எதிர்த்து உடலை மேலே மேலே தூக்கிச் செல்லும் வேலை இல்லை.

அந்த வேலை எவ்வளவு? ஆல்பெர்ட்டோ மினெட்டி என்ற உடலியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் 2002-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சமதளத்தில் ஓடும்போது, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு மீட்டருக்கும், சுமார் மூன்றரை ஜூல் ஆற்றல் செலவாகிறது. 100 மீட்டருக்கு 45 மீட்டர் உயரும் செங்குத்தான ஏற்றத்தில் அது சுமார் 19 ஜூல் ஆகிறது. ஐந்து மடங்குக்கும் மேல்! அதனால்தான் ஏற்றத்தில் வேகம் குறைவாக இருந்தும் இதயமும் நுரையீரலும் கடுமையாக உழைக்கின்றன. தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் வலுப்பெறுகின்றன.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் எடை 50 கிலோ. உங்கள் ஊர் ஆற்றங்கரை, ஆற்றுப் படுகையிலிருந்து மூன்று மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 28 முறை ஏறினால் மொத்தம் 84 மீட்டர். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் சுமார் 83 மீட்டர். ஆக, கரையை விட்டு எங்கும் போகாமல் மலைக்கோட்டை உச்சிக்குப் போய்விட்டீர்கள்!

நிலை ஆற்றலுக்கான சூத்திரம் உங்களுக்குத் தெரியும். 50 × 9.8 × 84 = 41,160 ஜூல். இது சுமார் பத்துக் கிலோ கலோரி. நம் தசை தான் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது; மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே உடல் செலவிடுவது சுமார் நாற்பது கிலோ கலோரி. ஒரு சிறிய இட்லி தரும் ஆற்றல் இவ்வளவுதான்! எடை, ஈர்ப்பு, உயரம் ஆகிய மூன்றையும்தான் சூத்திரம் கேட்கிறது. அந்த உயரம் கொல்லிமலையிலா, கொள்ளிடக் கரையிலா என்று அது கேட்பதில்லை.

இறக்கத்தில் இருக்கும் வம்பு

அப்படியானால் அந்த நால்வரின் கால்களுக்கு என்ன நேர்ந்தது? ஏற்றத்தில் களைப்பு உண்டானது உண்மை. ஆனால் காலைக் கெடுத்தது இறக்கம்.

மினெட்டியின் அதே ஆய்வின்படி, 100 மீட்டருக்கு 20 மீட்டர் தாழும் சரிவில் இறங்கி ஓட, சமதளத்தில் ஆவதில் பாதி ஆற்றலே போதும். மூச்சு வாங்குவதில்லை, ஓட்டம் சுகமாக இருக்கிறது. வம்பு அங்கேதான் இருக்கிறது. கிணற்றில் வாளியை மெல்ல இறக்கிப் பாருங்கள். கயிற்றை இழுக்க வேண்டியதில்லை. ஆனால் பிடித்துக்கொண்டே விட வேண்டும். கை வலிக்காது, உள்ளங்கை எரியும். இறக்கத்தில் ஓடும்போது தொடையின் முன்பக்கத் தசையின் நிலையும் இதைப் போன்றதே. காலடி தரையைத் தொடும் ஒவ்வொரு தடவையும் அது உடலைத் தாங்கி இறுகுகிறது. இறுகிக்கொண்டே நீளவும் செய்கிறது. பழக்கமில்லாத தசையில் நுண்ணிய இழைகள் இதனால் சிதைகின்றன.

வலி உடனே தெரியாது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடையும். தசையின் வலிமையும் சில நாட்களுக்குக் குறைந்திருக்கும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வந்த வலி என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். இது சரியன்று. ஓட்டத்தின்போது கூடும் லாக்டிக் அமிலம், ஓடி முடித்த ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அதைக் குற்றவாளியாக்க முடியாது.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சிறிதளவு இறக்கத்தில் ஓடிப் பழகிய தசை, அடுத்த முறை அதே வேலையில் மிகக் குறைவாகவே பாதிக்கப்படுகிறது. இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கும். ஆகவே இறக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும். ஒரேயடியாக ஏழு நாள், அதுவும் போட்டிக்கு முன்னால், விழுங்கக் கூடாது.

ஒரு வாரம் ஏன் போதாது?

மலைக் காற்றில் பிராணவாயு குறைவு, அங்கே இருந்தால் இரத்தச் சிவப்பணு பெருகும் என்பார்கள். உண்மைதான். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரமுள்ள உதகையில் நம் நாட்டு நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி முகாம்கள் நடந்திருக்கின்றன. ஆனால் சிவப்பணு குறிப்பிடத்தக்க அளவு பெருக மூன்று வாரங்களாவது வேண்டும். ஏழு நாளில் உடல் அந்த இடத்திற்குப் பழகத்தான் தொடங்கியிருக்கும்.

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்டு என்ற புகழ்பெற்ற பயிற்சியாளர் இருந்தார். ஆக்லாந்துக்கு மேற்கே உள்ள வைட்டாக்கரே மலைப் பாதையில் தம் மாணவர்களை 22 மைல் ஓடவிடுவார். அவர்களில் பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்கள். இருவரும் வென்றது ஒரே நாளில்! ஆனால் லிடியார்டின் முறையைக் கவனியுங்கள். முதலில் பல வாரங்கள் நீண்ட, நிதான ஓட்டம். அதன்பின் சில வாரங்கள் மலையேற்ற ஓட்டம். அதற்கும் பின்னரே வேக ஓட்டம். போட்டிக்கு முந்தின வாரத்தில் அவர் யாரையும் மலைக்குப் புதிதாக அழைத்துச் செல்லவில்லை.

அதே ரோம் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனையோடு தங்கம் வென்றவர் ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட். அவர் எங்கே பயிற்சி எடுத்தார் தெரியுமா? போர்ட்சீ என்ற கடலோர ஊரின் மணற்குன்றுகளில்! அவருக்குக் கிடைத்த ஏற்றம் அதுதான். அதையே அவர் பயன்படுத்திக்கொண்டார். தொலைவு போவானேன்? நமக்கு அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் ஜி. லட்சுமணன். 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். ஓட்டக்காரன் மலையில்தான் பிறக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நம் ஊர் மலைகள்

கொள்ளிடம், வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று எத்தனை ஆறுகள் நமக்கு! ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரைகள். ஓட்டக்காரனுக்கு ஒவ்வொரு கரையும் ஒரு குட்டி மலை.

என் யோசனை இது. வாரத்தில் இரண்டு நாள், இடையே இரண்டு நாளாவது இடைவெளி விட்டு, கரையேறிப் பழகுங்கள். முதல் வாரம் ஏழு முறை போதும். வாரத்திற்கு மூன்று முறை கூட்டுங்கள். எட்டாவது வாரம் 28 முறை. மலைக்கோட்டை உச்சி வந்துவிடும். ஏறும்போது ஓட்டம், இறங்கும்போது நடை. மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டொரு முறை மட்டும் மெல்ல ஓடி இறங்கலாம். போட்டி வாரத்தில் கரைப் பக்கமே போகாதீர்கள். தசை வலுப்பெறுவது ஓய்வின்போதுதான்.

கோடையில் ஆறு வறண்டிருக்கும்போது மணல் இன்னொரு பயிற்சிக் களம். மணலில் ஓட, கெட்டித் தரையில் ஆவதைப் போல 1.6 மடங்கு ஆற்றல் வேண்டும் என்று 1998-இல் வெளியான ஒரு பெல்ஜிய ஆய்வு காட்டுகிறது. பத்து நிமிடம் ஓடினாலே போதும். ஆனால் மணல் எடுத்த பள்ளங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படும். சில ஆண்டுகளில் முன்னதாகவும் திறப்பதுண்டு. தண்ணீர் வரும் செய்தி கேட்டால் ஆற்றுக்குள் இறங்கவே வேண்டாம்.

காட்டுப் பாதைக்கு ஈடாக நமக்கு வரப்பு இருக்கிறது. குறுகலான, மேடுபள்ளமான வரப்பில் செல்லும்போது கணுக்கால் நிதானம் கற்கிறது. ஆனால் வரப்பு உழவருடையது, கேட்டுக்கொண்டு போங்கள். சம்பா அறுவடை முடிந்தால் வயல் காலி என்று எண்ணி உள்ளே ஓடாதீர்கள். அங்கே உளுந்தும் பயறும் முளைத்திருக்கும்!

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். நம் பகுதிக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை எளிதில் ஆவியாகாது, உடல் சூடு தணியாது. ஆகவே வெயில் ஏறுமுன் ஓடி முடியுங்கள். உங்கள் வயதில் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வலி தொடர்ந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு வாரம் மலைக்கு அழைத்துப் போவதைவிட, வாரம் இரண்டு விளையாட்டுப் பாடவேளைகளை ஆண்டு முழுவதும் மாணவர்களுக்கு விட்டுக்கொடுப்பது எளிது, செலவும் இல்லை. தேர்வு வருகிறது என்று கணக்கும் அறிவியலும் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டால், பிறகு மலையைத் தேடித்தான் ஓட வேண்டியிருக்கும்.

அந்த மாணவன் இந்த ஆண்டும் ஓடப்போகிறான். இப்போது அவன் வெண்ணாற்றங்கரையில் பத்தொன்பது வரை வந்திருக்கிறான்.

நீங்களும் தொடங்குங்கள். முதலில் உங்கள் ஊர்க் கரையின் உயரத்தை அளக்க வேண்டும். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்து மட்டம் பார்ப்பார்களே, அந்த முறை போதும். பிறகு உங்கள் எடையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எத்தனை முறை ஏறினால் மலைக்கோட்டை? விடையை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.