இருட்டும் இட்டுக்கட்டலும்

சென்ற இதழில் நண்பர் ஒருவர், பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் தன் செல்போனில் எடுத்த படங்களை முன்வைத்து, மனிதக் கண்ணின் அதிகாரம் முடிந்துவிட்டதாகப் பிரகடனம் செய்திருக்கிறார். இருட்டு என்பது பழைய கருவிகளின் இயலாமையே தவிர வேறில்லையாம். புதிய கேமரா இருட்டுக்குள் கிடக்கும் யதார்த்தத்தை மீட்டுவிடுகிறதாம். ஆகவே எழுத்தாளனும் நிழல், மங்கல், பூடகம் போன்ற சால்ஜாப்புகளை விட்டொழிக்க வேண்டுமாம். இதற்கு எதிர்க்கட்சியும் இதே ஊரில் உண்டு. பிலிம் சுருளோடு சத்தியம் போயிற்று, டிஜிட்டல் அத்தனையும் பொய் என்று தேரடித் தெரு டீக்கடையில் அடித்துப் பேசும் இன்னொரு நண்பர். கேமரா உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வதில் இருவருக்குமே அக்கறை இல்லை. இந்த அக்கறையின்மைதான் என் பிரச்னை.

அந்தப் படங்களைப் பார்த்தேன். மலை பச்சையாக இருக்கிறது. வானம் நீலமாக இருக்கிறது. படுத்திருக்கும் சாதுவின் காவி, காவியாகவே இருக்கிறது. அதே இரவில் அதே 14 கிலோமீட்டரை நானும் நடந்தேன். எனக்கு மலை கறுப்பாகத்தான் இருந்தது. முழுநிலவின் வெளிச்சம் நடுப்பகல் வெயிலில் சுமார் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் நம் கண்ணில் நிறம் அறியும் செல்கள் ஏறக்குறைய ஓய்ந்துவிடுகின்றன. வேலை செய்பவை நிறம் அறியாதவை. அவையும் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் கேட்கின்றன. ஆகவே நண்பர் படம் பிடித்தது, அங்கே நடந்த எவனுக்கும் கிட்டாத ஓர் இரவை. அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. இலை இரவிலும் பச்சைதான். ஆனால் அதை ‘அனுபவத்தின் மீட்பு’ என்று அவர் எழுதும்போது, அனுபவம் யாருடையது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

கொஞ்சம் கணக்கு. நான் வங்கி குமாஸ்தா, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒளி வெள்ளமாக வருவதில்லை, சில்லறையாக வருகிறது. சென்சாரின் ஒரு புள்ளியில் சராசரி 10,000 ஒளித்துகள் விழும் இடத்தில், ஏற்ற இறக்கம் சுமார் 100. அதாவது நூற்றுக்கு ஒன்று. கண்ணுக்குத் தெரியாது. 100 துகள்தான் விழுகிறது என்றால் ஏற்ற இறக்கம் 10. நூற்றுக்குப் பத்து. இருட்டுப் படத்தில் மணல் தூவினாற்போல் தெரியும் இரைச்சலின் பெரும்பங்கு இதுதான். கருவியின் குறை அதில் கொஞ்சமே. ஐ.எஸ்.ஓ. எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் வராத ஒளி வந்துவிடாது. வந்த சில்லறை பெரிதாகத் தெரியும், அவ்வளவே.

சில்லறையை அதிகம் சேர்க்க நேர்மையான வழிகள் மூன்று: லென்ஸின் வாயை அகலமாக்கு, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வை, சென்சாரைப் பெரிதாக்கு. 1975ல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ படத்துக்காக ஸ்டான்லி குப்ரிக், நாசாவுக்கென்று ஸைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸைத் தேடிப்பிடித்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்சிகளை எடுத்தார். 2014ல் வந்த சோனி ஏ7எஸ், 36க்கு 24 மில்லிமீட்டர் சென்சாரில் 1.2 கோடி புள்ளிகளோடு நிறுத்திக்கொண்டு, ஐ.எஸ்.ஓ. 4,09,600 வரை போனது. ஒன்று பிலிம், ஒன்று டிஜிட்டல். இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்தன: இருக்கும் ஒளியைப் பொறுக்கின. டீக்கடை நண்பரின் சத்தியம் சுருளில் மட்டும் குடியிருந்ததில்லை.

சுருளின் எல்லைக்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1950 ஏப்ரல் 14, இரவு 8.47க்கு ரமணர் மறைந்தபோது ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். ஃப்ளாஷ் உபயோகிப்பதை அநாகரிகமாகக் கருதியவர். அந்த நேரத்தில் ஓர் ஒளி, வானில் மெதுவாக நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைந்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னார். ட்ரை-எக்ஸ் சுருள் 35 மில்லிமீட்டரில் வருவதற்கு இன்னும் நான்கு வருஷம் இருந்தது. அவருடைய அந்த ஒளிக்கோடு நமக்கு வார்த்தையாகத்தான் வந்திருக்கிறது. அதை நம்புவதும் நம்பாததும் நம் பாடு. ஆனால் சாட்சி யார், பார்த்தது எது என்பதில் குழப்பமில்லை.

இப்போது நண்பரின் செல்போனுக்கு வருவோம். விரல் நகத்தைவிடச் சிறிய சென்சார். நேர்மையான மூன்று வழிகளில் ஒன்றில்தான் அது கொஞ்சம் போக முடியும். 2018ல் கூகிள் தன் பிக்ஸல் போன்களில் கொண்டுவந்த இரவு முறை, பதினைந்து படங்கள் வரை எடுத்து, கைநடுக்கத்தைச் சரிக்கட்டி, ஒன்றாகச் சேர்த்தது. இதுவரை கூட்டல் கணக்கு, ஆட்சேபம் இல்லை. ஆனால் கூட்டல் போதாத இடத்தில் ஊகம் நுழைகிறது. 2023 மார்ச்சில் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து சாம்சங் போனால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்து உட்கார்ந்தன. நிலா என்று அடையாளம் கண்டுகொண்டு விவரத்தைக் கூட்டுகிறோம் என்று நிறுவனமே பிறகு விளக்கம் தந்தது. பார்த்ததையும் படித்ததையும் ஒரே மையில் எழுதுகிற கருவி இது. நம் விமர்சகர்கள் சிலர் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

இது அழகியல் சச்சரவு மட்டுமே என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். முன்பு நான் வேலை பார்த்த கிளையில் ஒரு பென்ஷன்கார அம்மாளின் கார்டில் இரவு இரண்டரை மணிக்குப் பத்தாயிரம் ரூபாய் போயிற்று. தெருவிளக்கு எரியவில்லை. வாசல் கேமரா அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வெள்ளைச் சட்டை, முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறை. யாரோ கம்ப்யூட்டரில் போட்டுத் ‘தெளிவாக்கினார்கள்’. மூக்கு வந்தது, மீசை வந்தது. அடையாளக் குறிப்பை எழுதியவன் நான்: வெள்ளைச் சட்டை, மீசை. பக்கத்துக் கட்டட வாட்ச்மேனுக்கு இரண்டும் இருந்தன. இரண்டு நாள் விசாரணை என்று அலைக்கழித்தார்கள். மூன்றாம் நாள் அந்த அம்மாளின் பேரனே ஒப்புக்கொண்டான். மீசை இல்லாத பையன். அன்று அவன் போட்டிருந்தது கறுப்புச் சட்டை. பல கறுப்புச் சாயங்கள் அகச்சிவப்பில் வெளுத்துத் தெரியும் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டார். போகிற அன்று என்னிடம், “சார், நீங்க என்னை தினம் பாத்திருக்கீங்களே” என்றார்.

பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று படத்தைத்தான் பார்த்தேன். கறையைக் கறை என்று எழுதியிருந்தால் போதும். ‘முகம் தெரியவில்லை’ என்ற இரண்டு வார்த்தைக்கு எனக்குத் தைரியம் இல்லை.

நண்பர் இருட்டை ஒழிக்கச் சொல்கிறார். மங்கலை இயலாமை என்கிறார். அவருக்கு என் கோரிக்கை சிறியது. அடுத்த முறை படங்களோடு கட்டுரை எழுதும்போது, ஒவ்வொன்றின் கீழும் ஷட்டர் எத்தனை நொடி திறந்திருந்தது, எத்தனை படங்கள் சேர்ந்தன, எதெல்லாம் கருவி தானாகப் போட்டது என்று குறிக்கட்டும். குறிக்க முடியாது, போன் அதைச் சொல்வதில்லை என்பார். அப்படியானால் அவர் எதை மீட்டார் என்பதையும் அவர் சொல்ல முடியாது.