கொழும்புக் கூடையும் உடுவில் உலையும்

பணவீக்கம் குறைந்துவிட்டதென்று நாம் செய்தி எழுதுகிறோம். உடுவில் வாசகர் மருதனார்மடம் சந்தைக்குப் போய்வந்து, "எங்கே குறைந்தது?" என்கிறார். இருவர் சொல்வதும் பொய்யன்று.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. 1000 ரூபாப் பொருளுக்கு 1698 ரூபா வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் 30 சதவீதச் சம்பள உயர்வு பெற்றவரின் 1300 ரூபாகூட, பழைய விலையில் 766 ரூபாவுக்கே சமம். உணவு மட்டும் 94.9 சதவீதம் ஏறியது. உழைப்பில் பெரும்பகுதியை உலைக்கே கொடுக்கும் தோட்டக் கூலியாளரின் இழப்பு அதனினும் பெரிது.

2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம். ஏறிய விலை இறங்கவில்லை. மேலும் ஏறும் வேகமே குறைந்தது.

இன்னொன்றும் உண்டு. 1952ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட பழைய சுட்டெண், 1949-50இல் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்கள் செய்த செலவை வைத்துக் கட்டப்பட்டது. 2007 வரை அதனைக் கொண்டே நாட்டின் விலைவாசி அளக்கப்பட்டது. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தார் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் கொடுத்த விலை அக்கணக்கில் ஏறவேயில்லை. எல்லா மாகாணங்களையும் தழுவிய தேசியச் சுட்டெண் 2015இல்தான் வந்தது.

ஆகவே, சம்பளம் இத்தனை வீதம் கூடியது என்று யாரேனும் சொன்னால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: எந்த ஆண்டிலிருந்து? யாருடைய கூடையை அளந்து?