வலிக்கு மருந்து உண்டு, கொடுக்கத்தான் பயம்

டாக்டர் சீட்டின் பேரில் விற்கும் மருந்துகள் எல்லாவற்றையும் நம் நாட்டுச் சட்டம் ஒரே தட்டில் வைக்கவில்லை. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் 'எச்' அட்டவணை ஒன்று. அதற்கு மேல் 2014-ல் அமலுக்கு வந்த 'எச்-1'. இதிலுள்ள மருந்தை விற்றால் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 'எக்ஸ்' அட்டவணைக்குச் சீட்டே இரண்டு பிரதி. இவற்றுக்கெல்லாம் மேலே நிற்பது 1985-ம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம். அங்கே தவறினால் ஜெயில்.

கடுமை வேண்டியதுதான். டிராமடால் என்ற வலி மாத்திரை போதைக்காகக் கைமாறியது. 2018-ல் அதையும் இந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்ததில் குறை காண ஒன்றுமில்லை.

மார்ஃபின் விஷயம் வேறு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் லைசென்ஸோடு அபினி பயிராகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அதற்கென்று சர்க்கார் ஆலைகள் உள்ளன. வெளிநாடுகளுக்கு அபினி அனுப்பும் தேசம் இது! ஆனால் 1985-க்குப் பின் இங்குள்ள புற்றுநோயாளிக்கு மார்ஃபின் அரிதாகிவிட்டது. ஓர் ஆஸ்பத்திரி அதை வாங்கப் பல இலாகாக்களில் தனித்தனி லைசென்ஸ் பெற வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். அந்நாளில் மார்ஃபின் குற்றத்துக்குக் குறைந்த தண்டனையே 10 ஆண்டு. எந்தக் கடைக்காரர் துணிவார்?

2014-ல் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்திற்று. மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட 6 மருந்துகள் அத்தியாவசியமானவை எனத் தனியே பிரிக்கப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே ஆஸ்பத்திரிக்குப் போதும். கேரளம் அதற்கு முன்பே வழிகாட்டியது. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, முறையான கணக்கோடு மார்ஃபினை நோயாளியின் வீட்டுக்கே கொடுக்க முடியும் என்று காட்டிற்று.

சட்டம் இளகியும் பயம் போகவில்லை. பரேலில் டாடா ஆஸ்பத்திரிக்கு நம் ஊர்ப்பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். சிகிச்சை முடிந்து திரும்பும்போது கையில் சீட்டு இருக்கும்; ஊரில் மருந்து இருக்குமா? அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்காத ஆஸ்பத்திரியால் கொடுக்க இயலாது. விண்ணப்பிக்கும்படி ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரிக்கும் மாநில அரசுகள் உத்தரவிட வேண்டும். அங்கீகாரம் பெற்றவை எவை என்று பட்டியலும் வெளியிட வேண்டும். அதுவரை, ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்குமுன், அங்கே மார்ஃபின் எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.