பக்கத்து கேலக்ஸி உரசினால் என்ன ஆகும்?

மோதவில்லை, சும்மா உரசிப் போனதுக்கே இந்த நிலைமை. மயில் விண்மீன் கூட்டத்தின் திசையில் இருக்கும் என்ஜிசி 6872 படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நடுவில் நட்சத்திரங்களால் ஆன பட்டை, அதிலிருந்து எதிரெதிர்ப் பக்கமாக இழுபட்ட இரண்டு நீளக் கைகள். நுனியிலிருந்து நுனிவரை 5.22 லட்சம் ஒளி ஆண்டுகள். நம் பால்வெளியைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்! அதுவரை தெரிந்த சுருள் கேலக்ஸிகளில் இதுவே மிகப் பெரியது என்று 2013-ல் அறிவித்தார்கள். தூரம் சுமார் 21 கோடி ஒளி ஆண்டுகள். அதாவது, நாம் பார்ப்பது டைனோசர் காலத்தில் கிளம்பிய ஒளி.

இழுத்தது யார்? பக்கத்தில் சின்னதாகத் தெரியும் ஐசி 4970. நிறையில் பெரியதன் ஐந்தில் ஒரு பங்குதான். கணினி மாதிரிகளின்படி, நாம் பார்க்கும் காட்சிக்கு 13 கோடி ஆண்டுகள் முன்பு இது மிக நெருங்கிக் கடந்தது. பெரியது சுழலும் அதே திசையில், அதன் தட்டை ஒட்டியே போனதுதான் விஷயம். எதிர்த்திசையில் வந்திருந்தால் சட்டென்று விலகியிருக்கும். கூடவே ஓடியதால் ஈர்ப்பு விசைக்கு இழுக்க நேரம் கிடைத்தது.

சேதம் மட்டும் இல்லை. வடகிழக்குக் கையின் நுனியில், 20 கோடி வயதுகூட ஆகாத நட்சத்திரங்கள் புற ஊதா ஒளியில் மின்னுகின்றன. அங்கே ஒரு குட்டி கேலக்ஸி உருவாகிறதோ என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

சரி, நமக்கென்ன? பால்வெளியும் இதே பட்டைச் சுருள் வகைதான். அதற்கும் அக்கம்பக்கம் உண்டு. ஆண்ட்ரோமீடா சுமார் 400 கோடி ஆண்டுகளில் வந்து மோதும் என்று 2012-ல் நாசா உறுதியாகவே சொன்னது. 2025 ஜூனில் 'நேச்சர் அஸ்ட்ரானமி' இதழில் வந்த ஆய்வு அதை ஆட்டிவிட்டது. ஹபிள், கையா தொலைநோக்கிகளின் தரவுகளை வைத்து ஒரு லட்சம் முறை கணினியில் ஓட்டிப் பார்த்ததில், அடுத்த 1,000 கோடி ஆண்டுகளுக்குள் இரண்டும் இணைய வாய்ப்பு ஏறக்குறைய 50% தான். பூவா தலையா கதை!

கணக்கை மாற்றியதும் சின்ன அண்டை வீட்டார்தான். பெரிய மெகல்லன் மேகத்தின் இழுப்பைச் சேர்த்தால் மோதும் வாய்ப்பு குறைகிறது. ஆண்ட்ரோமீடாவின் துணையான எம்33-ஐச் சேர்த்தால் கூடுகிறது. அந்த மெகல்லன் மேகம் மட்டும் தப்பாது. சுமார் 200 கோடி ஆண்டுகளில் அது பால்வெளிக்குள் விழுவது கிட்டத்தட்ட உறுதி என்கிறது அதே ஆய்வு.