கம்பம் நகராமல் பில் நகரக் கூடாது

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு தினமும் விடியற்காலையில் நடக்கப் போவது வழக்கம். எங்கள் ஊரில் பேருந்து நிலையத்துக்குப் போகும் சாலையை அகலப்படுத்தி எட்டு மாதம் ஆகிறது. ஒன்றரை கிலோமீட்டர் நீளம். அதில் தாருக்கு நடுவே நிற்கும் மின்கம்பங்களை எண்ணினேன். பதினேழு. எல்லாம் வண்டி ஓடும் இடத்தில் நிற்பவை.

போன மாதம் அதில் ஒரு கம்பத்தில் என் பழைய மாணவன் மோதிவிட்டான். பால் ஊற்றப் போகிறவன், இருட்டோடு கிளம்ப வேண்டும். எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணில் அடித்ததும் இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறான். அங்கேதான் கம்பம் நின்றது. தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போனபோது, "சார், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி லெஃப்ட்லதான் சார் போனேன்" என்றான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

"பார்த்து ஓட்ட வேண்டியதுதானே?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். கம்பத்தைக் கண்டு பிரேக் பிடிப்பதற்குள் ஒரு நொடி போய்விடும். பிடித்த பிறகு வண்டி நிற்க இன்னும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வேண்டும். ஆக, இருபது மீட்டருக்கும் முன்பே கம்பம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். எதிர் வெளிச்சத்தில், சாம்பல் நிறக் கம்பம் இருபது மீட்டரில் யாருக்குத் தெரியும்?

கம்பத்தின் மேல் குற்றமில்லை. அது முன்பு ஓரத்தில் மண்ணில்தான் நின்றது. சாலைதான் அதைத் தாண்டிப் போய்விட்டது. சாலை அகலமானதும் வண்டிகளின் வேகமும் கூடுகிறது. ஓரத்தில் யாருக்கும் தொந்தரவில்லாமல் நின்ற கம்பம் இப்போது ஆளை அடிக்கிறது.

இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள, தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு அலுவலகங்களுக்கும் மனுப் போட்டேன். மதிப்பீடு கேட்டு மின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருப்பதாகச் சாலை அலுவலகம் சொன்னது. மதிப்பீடு கொடுத்தாகிவிட்டது, பணம் இன்னும் கட்டவில்லை என்று மின் அலுவலகம் சொன்னது. இரண்டு பதிலும் உண்மை. கடிதத்துக்கும் பணத்துக்கும் நடுவில் என் மாணவன் கிடக்கிறான்.

முறை என்ன? கம்பத்தை மாற்றக் கேட்கிற துறை முதலில் அதற்கான பணத்தைக் கட்ட வேண்டும். புதிய ஓரத்தில் கம்பம் நட்டு, மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை மாற்றி, பழையதைப் பிடுங்க வேண்டும். அதன் பிறகுதான் மண் வேலை, ஜல்லி, தார் எல்லாம். இங்கே நடந்தது தாலி கட்டிய பிறகு பெண் பார்க்கப் போன கதை. இனிமேல் கம்பத்தைப் பிடுங்கினால் புதுச் சாலையில் குழி விழும். அதை மூட இன்னொரு செலவு. இரண்டும் நம் வரிப்பணம்.

தார் போட்ட வேலையை அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, பில் பாஸ் செய்கிறார்கள். அளவெடுக்கும் டேப் கம்பத்தைச் சுற்றித்தானே போயிருக்கும்? கம்பத்தை ஒட்டி ரோலர் போக முடியாது. அந்த இடம் இறுகாமல் முதல் மழையிலேயே பள்ளமாகிறது. அதையும் அளந்தார்களா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அகலப்படுத்தத் தோண்டும்போது அந்தப் பிடிமானம் தளர்கிறது. வீட்டு இணைப்புக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பி சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்துக்குக் கீழே வரக்கூடாது என்பது விதி. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு மட்டத்தை உயர்த்தினால் அந்த உயரமும் குறையும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. 2022இல் வேலூரில் நிறுத்தியிருந்த பைக்கை எடுக்காமலே சக்கரத்தோடு சேர்த்து கான்கிரீட் போட்டதைப் பார்த்து நாடே சிரித்தது. 2025இல் பீகாரின் ஜெகானாபாத்தில், பாட்னா - கயா சாலையை அகலப்படுத்தி, மரங்களை நடுவிலேயே விட்டுவிட்டார்கள். அங்கே தகராறு வனத்துறையோடு. ஊர் வேறு, பொருள் வேறு, வியாதி ஒன்றுதான்: "என் வேலை முடிந்தது, மிச்சம் அடுத்த துறை பாடு."

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ பிரிவு சேர்த்தார்கள். சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பில் பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காமல், அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. ஹெல்மெட் போடாதவனை மடக்கி ஆயிரம் ரூபாய் வாங்கத் தெரிந்த நமக்கு, இந்தப் பிரிவு மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை?

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பக்கமும் தப்பு உண்டு. "என் கடை வாசலில் கம்பம் நடாதே" என்று தடுக்கிறவர்கள் நம் ஆட்கள்தான். அரை நாள் கரண்ட் போனால் அலுவலகத்துக்குப் போன் போட்டுத் திட்டுகிறவர்களும் நாம்தான். கம்பத்தில் ஏறி உயிரைப் பணயம் வைக்கிற ஊழியர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களுக்கு உத்தரவு வந்தால் செய்துவிட்டுப் போவார்கள்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. ஒரே ஒரு விதி போதும். கம்பங்கள் அகற்றப்பட்டதாக மின் அலுவலகம் எழுத்தில் கொடுக்காமல் அந்தப் பகுதியில் தார் போடக் கூடாது, போட்டாலும் பில் பாஸ் ஆகக் கூடாது. பணம் நின்றால் பதினேழு கம்பமும் எவ்வளவு சீக்கிரம் நகரும் என்று பாருங்கள். அதுவரைக்கும் ஒவ்வொரு கம்பத்திலும் இரவில் மின்னும் பட்டையாவது ஒட்டட்டும். ஆனால் பட்டை ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று யாரும் எங்களை ஏமாற்ற வேண்டாம்.

உங்கள் ஊரிலும் இப்படி இருந்தால் கம்பத்தில் எழுதியுள்ள எண்ணோடு படம் எடுங்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் இரண்டு அலுவலகத்துக்கும் மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கமெண்டில் கோபப்படுவதைவிட அது உபயோகம்.

நாளைக் காலையும் போய் எண்ணுவேன். பதினாறு ஆனால் இங்கேயே எழுதுகிறேன்.