வினைச்சொல் தடுமாற்றத்துக்குத் தமிழ்ப்பள்ளியா காரணம்?

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் முதலாம் ஆண்டு வகுப்பில் பிள்ளையைப் பதியும் காலம் வந்தால் அதே பேச்சுதான்: "தமிழ்ப்பள்ளியில் போட்டால் இங்கிலீஷ் வராது. 'கோ' எங்கே, 'வென்ட்' எங்கே என்று தெரியாமல் நிற்கும்." தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்து, தொழிற்பேட்டை வேலையில் ஆங்கிலம் தெரியாமல் பின்தங்கிய பெற்றோரின் கவலை அது. கவலை நியாயம், பழியை இறக்கிவைக்கும் இடம்தான் தப்பு.

'யெஸ்டர்டே ஐ கோ' என்ற பிழை எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. மலாயில் நேற்றும் 'பெர்கி', நாளையும் 'பெர்கி'. 'செமாலம்', 'எசோக்' என்ற சொற்களே காலத்தைச் சொல்லிவிடும். மாண்டரினிலும் வினை உருமாறாது. நம் தெரு ஆங்கிலம் அந்த வழக்கில் வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளையோ பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே போனான், போகிறான், போவான் என்று பிரித்துப் பேசுகிறது. காலத்துக்கு ஏற்ப வினை மாறும் என்பது அதற்குப் புதுச் செய்தியே அல்ல. 'பாரோ மீ யுவர் பென்' என்பதும் அப்படித்தான். பேச்சு மலாயில் வாங்கினாலும் கொடுத்தாலும் 'பிஞ்சாம்'. தமிழில் இரவல் வாங்குவது வேறு, கொடுப்பது வேறு.

பயிற்றுமொழியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். 2003-இல் கணிதமும் அறிவியலும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆங்கிலத்துக்கு மாறின; 2009-இல் அரசே அதைக் கைவிடுவதாக அறிவித்தது. அறிவியல் பாடத்தில் 'அப்சார்ப்' வரும்; அன்றாடப் பேச்சுக்கு வேண்டிய 'கெட் அலாங்' வராது.

பட்டியல் மனப்பாடத்தை நம்புவோரும் உண்டு. 'டேக்' என்றால் எடு, அவ்வளவுதானாம்! படம் எடுக்கிறோம், விடுப்பு எடுக்கிறோம், பசி எடுக்கிறது. மூன்றையும் கரும்பலகையில் எழுதி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். முதல் இரண்டுக்கும் 'டேக்' பொருந்தும், பசிக்குப் பொருந்தாது. எந்தச் சொல்லோடு சேர்கிறது என்பதே வினையின் பொருளைத் தீர்மானிக்கிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். எந்தப் பட்டியலும் இதைக் கற்றுத்தராது.

தமிழ் இடறிவிடும் இடமும் உண்டு. 'அண்ணன் நேற்று வந்திருக்கிறான்' என்பது நல்ல தமிழ். 'ஹேஸ் கம் யெஸ்டர்டே' பிழையான ஆங்கிலம். இந்த வேறுபாட்டை இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்துத்தான் விளக்க முடியும். ஆங்கில நேரத்தில் தமிழே பேசக்கூடாது என்று தடைபோட்ட வகுப்பில், தான் எழுதியது ஏன் தப்பு என்று கேட்கக்கூட அந்தப் பிள்ளைக்கு வழியில்லை.