பால்வாடியில் அழும் பிள்ளை

மூன்று வயசுப் பிள்ளையைப் பால்வாடியில் விட்டால் முதல் வாரம் அழத்தான் செய்யும். எந்தத் தெருப் பிள்ளையும் அழும். ஆனால் காலனிப் பிள்ளை மூன்றாவது வாரமும் அழுதால், அதை அம்மா ஏக்கம் என்று விட்டுவிடக் கூடாது என்கிறோம்.

முதலில் வீட்டுப் பக்கம். நூறு நாள் வேலைக்குப் போகிற தாய், காலையில் போட்டோ எடுப்பதற்குள் ஏரிக்கரையில் நிற்க வேண்டும். அந்த அவசரத்தில், பிள்ளை பராக்குப் பார்க்கும்போது நழுவிவிடுகிறோம். மறுநாள் அது சேலையை விடுவதில்லை. "சோறு தின்னதும் ஆயா வரும்" என்று சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும். சொன்னபடி ஆயா வந்து நிற்கவும் வேண்டும். பிள்ளைக்கு மணி தெரியாது, சோறு தெரியும். சேர்ப்பதற்கு முன்பே நாலைந்து நாள் அழைத்துப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வரலாம். ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பினால் பாதி அழுகை குறையும். "அடம்பிடிச்சா டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்" என்ற மிரட்டலை மட்டும் இன்றே நிறுத்துங்கள்.

இனி மையத்தின் பக்கம். அழுகிற பிள்ளையை யார் தூக்குகிறார்கள்? ஊர்த்தெருப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலனிப் பிள்ளை அழுதால் "இதோட அக்காவைக் கூப்பிடுங்க" என்று சொல்லும் மையங்களைப் பார்த்திருக்கிறோம். திட்டவில்லை, அடிக்கவில்லை. தொடவில்லை, அவ்வளவுதான். மூக்கைத் துடைத்துவிட ஒரு கை இல்லாத இடத்தில் பிள்ளை எப்படி ஒட்டும்? எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல மூக்குச் சிந்திவிடும் பணியாளர்களும் இருக்கிறார்கள். அங்கே அழுகை சீக்கிரம் நிற்கிறது.

இரவில் பிள்ளையிடம் "என்ன படிச்ச?" என்று கேட்காதீர்கள். எங்கே உட்கார்ந்தது, பக்கத்தில் யார், முட்டையை யார் உரித்துக் கொடுத்தது, தண்ணீர் எந்த டம்ளரில் என்று கேளுங்கள். பிள்ளை ஒளிக்காமல் சொல்லும்.

தெரிந்த முகம் ஒன்று உள்ளே இருந்தால் பிள்ளை தைரியமாக இருக்கும். சத்துணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2004-இல் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும், 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாதென்று ஆதிக்க சாதியினர் தகராறு செய்தார்கள். அந்த வீடுகளிலும் பால்வாடிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும்தானே?

ஊர்த்தெருவைத் தாண்டித்தான் மையம் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்தும் மையம் இல்லாத குடியிருப்பு, கேட்ட மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி பெற உரிமையுள்ளது. கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் எழுதி எடுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தப் பட்டியலோடு மனுவைக் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.